இறால் சிற்றினங்களின் உறவும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறால் வகைகளுள் எது எதற்கு நெருங்கிய உறவு என்பதை அறிய, 1990களிலிருந்து மிகுதியாகக் கையாளப்பட்டு வரும் சான்று மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள டி.என்.ஏ. ஆகும். அது சில கேள்விகளுக்கு மிகத் தெளிவாகவும், வேறு சிலவற்றுக்கு அரைகுறையாகவும், இன்னும் சிலவற்றுக்குத் தவறாகவும் விடை தரும். எந்தக் கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பதே இத்துறையில் பாதி வேலை. மாணவர்களும் ஆர்வலர்களும் வழக்கமாக எழுப்பும் ஐயங்களுக்குக் கீழே விடை கூறப்பட்டுள்ளது.

இறால்கள் எல்லாம் ஒரே குலத்தைச் சேர்ந்தவையா?

இல்லை. 'இறால்' என்பது உடலமைப்பையும் சமையலையும் ஒட்டி எழுந்த சொல்லே தவிர, பரிணாம வழியில் அமைந்த ஒரே குலத்தின் பெயர் அன்று. வரி இறால், வெள்ளை இறால், வெனாமி இறால் முதலியவை பினேயிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை தம் முட்டைகளை நேரடியாகக் கடல்நீரில் விட்டுவிடும். ஆற்று இறால், சொடுக்கு இறால் முதலியவை கரிடியா என்னும் பிரிவைச் சேர்ந்தவை. இவற்றின் பெண்கள் குஞ்சு பொரியும்வரை முட்டைகளை வயிற்றுக்கடியில் நீந்துகால்களோடு ஒட்டிச் சுமக்கின்றன. நண்டும் சிங்கி இறாலும் அவ்வாறே முட்டைகளைச் சுமப்பவை. கரிடியா இறால்கள் வரி இறாலைவிட நண்டுக்கே நெருங்கிய உறவினர் என்று கேட்டால் முதலில் வியப்பாகவே இருக்கும். ஆகவே, 'இறால்களின் உறவு' என்று பேசத் தொடங்கும்போதே, ஒரு பேரினத்துக்குள் நிலவும் உறவைக் கேட்கிறோமா, இரு பெரும் பிரிவுகளுக்கு இடையிலுள்ள உறவைக் கேட்கிறோமா என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். மைட்டோகாண்ட்ரியா முந்தைய கேள்விக்கே நன்றாக விடை சொல்லும்.

உட்கருவில் ஏராளமான டி.என்.ஏ. இருக்க, மைட்டோகாண்ட்ரியாவை ஏன் நாட வேண்டும்?

அளவை ஒப்பிட்டால் காரணம் விளங்கும். 2019ஆம் ஆண்டு வெளியான வெனாமி இறாலின் உட்கரு மரபணுத் தொகுப்பு ஏறத்தாழ 166 கோடி எழுத்துகளைக் கொண்டது (ஏ, டி, ஜி, சி என்னும் டி.என்.ஏ.வின் நான்கு வேதி அலகுகளையே இங்கே எழுத்துகள் என்கிறோம்). அது 44 இணைக் குரோமோசோம்களில் பரவிக் கிடக்கிறது. அதில் ஒரே துணுக்கு மீண்டும் மீண்டும் வரும் பகுதிகள் மிக அதிகம் என்பதால் அதைக் கோத்து முடிப்பதே பெரும்பாடாக இருந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வோ ஏறத்தாழ 16,000 எழுத்துகளே கொண்ட சிறு வளையம். முன்னதில் லட்சத்தில் ஒரு பங்கு. வரி இறாலான பினேயஸ் மோனோடானில் அதன் நீளம் 15,984 எழுத்துகள். ஆற்று இறாலான மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கியில் 15,772.

சிறியது என்பது மட்டுமே காரணம் அன்று. ஒரு செல்லில் உட்கரு ஒன்றே. ஆனால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் படிகள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இருக்கும். எனவே பழையதும் சிதைந்ததுமான மாதிரியிலிருந்துகூட அதைப் பெற முடிகிறது. அது பொதுவாகத் தாயிடமிருந்து மட்டுமே வருவதாலும், தந்தைவழி டி.என்.ஏ.வோடு கலந்து மறுசேர்க்கை அடையாததாலும், தலைமுறைதோறும் நேர்ந்த மாற்றங்கள் ஒரே கோட்டில் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கின்றன. மேலும் உட்கரு மரபணுக்கள் பலவற்றைக் காட்டிலும் அது விரைவாக மாறுவதால், அண்மையில் பிரிந்த இரு சிற்றினங்களுக்கிடையிலும் எண்ணத்தக்க வேறுபாடுகள் கிடைக்கின்றன.

அந்த வளையத்தில் என்ன இருக்கிறது? எந்தப் பகுதியை எதற்குப் பயன்படுத்த வேண்டும்?

மொத்தம் 37 மரபணுக்கள்: புரதத்துக்கானவை 13, கடத்து ஆர்.என்.ஏ.வுக்கானவை 22, ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கானவை 2. இவற்றோடு, எந்தப் புரதத்தையும் குறிக்காத கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்றும் உண்டு. பினேயிடே இறால்களில் அது சுமார் 1,000 எழுத்து நீளமுடையது. வரி இறாலின் வளையத்தில் மரபணுக்கள் அமைந்துள்ள வரிசை பழ ஈயின் வளையத்தில் உள்ளதைப் போலவே இருப்பது, பூச்சிகளும் ஓட்டுடலிகளும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பதற்கான தடயங்களுள் ஒன்று.

ஆய்வாளர்கள் மிகுதியாக நாடுவது இரண்டு பகுதிகளை. ஒன்று, சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியின் முதல் துணையலகுக்கான மரபணு; சுருக்கமாக சி.ஓ.1. 1994இல் ஃபோல்மர் குழுவினர் வெளியிட்ட பிரைமர் இணை (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனைகளிலும் ஒட்டும் குறு டி.என்.ஏ. இழைகள்), முதுகெலும்பற்ற உயிர்கள் பலவற்றில் இம்மரபணுவின் 700 எழுத்துகளுக்குச் சற்று மேற்பட்ட துண்டைப் பெருக்கித் தந்தது. 2003இல் பால் ஹெபர்ட் குழுவினர் இதே பகுதியை விலங்குகளின் சிற்றினத்தை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. பார்கோடாக முன்மொழிந்தபின், அதன் 658 எழுத்துகள் பொது அளவுகோலாயின. மற்றொன்று, 16 எஸ் எனப்படும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவின் சுமார் 500 எழுத்துத் துண்டு. இது சி.ஓ.1ஐ விட மெதுவாக மாறுவது. ஆகையால் பேரினங்களுக்கு இடையிலான உறவுக்கு ஓரளவு பொருந்தும். பிரைமர் நன்றாக ஒட்டுவதால், சி.ஓ.1 பெருகாத மாதிரிகளிலும் 16 எஸ் பெரும்பாலும் கிடைத்துவிடும். கட்டுப்பாட்டுப் பகுதி மிக விரைந்து மாறுவது. ஒரே சிற்றினத்தின் கூட்டங்களை ஒப்பிட மட்டுமே அது உதவும்.

உருவத்தைப் பார்த்தே பிரித்துவிடலாமே, இத்தனை பாடு எதற்கு?

கொம்பிலுள்ள பற்களின் எண்ணிக்கை, தலைக்கவசத்தின் பள்ளங்கள், ஆணின் இனப்பெருக்க உறுப்பான பெட்டாஸ்மா, பெண்ணின் இனப்பெருக்க உறுப்பான தெலிக்கம் ஆகியவற்றை வைத்து இறால்களைப் பிரிக்கும் கலை இன்றும் இன்றியமையாதது. எந்த டி.என்.ஏ. வரிசைக்கும் பெயர் வைப்பவர் இறுதியில் அந்த உருவவியல் வல்லுநரே. ஆனால் உருவம் இரண்டு வகையில் ஏமாற்றும்.

ஒன்று, உருவம் ஒத்திருக்க மரபு வெகுதூரம் விலகியிருக்கும். பினேயஸ் வன்னாமி, பினேயஸ் ஸ்டைலிராஸ்ட்ரிஸ் ஆகிய இரு அமெரிக்க இறால்களை 1991இல் பலும்பியும் பென்சியும் ஒப்பிட்டபோது, அவ்வளவு ஒத்த உருவமுடைய இரண்டின் மைட்டோகாண்ட்ரியாக்களுக்கிடையே எதிர்பாராத அளவு பெரிய வேறுபாடு இருந்தது. இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு, ஜப்பானிய வரி இறால் எனப்படும் பினேயஸ் ஜப்போனிக்கஸ். தென்சீனக் கடலில் இதன் தலைக்கவசப் பட்டைகள் இரு பாங்குகளில் இருப்பதைக் கவனித்த ஆய்வாளர்கள், 2005இல் இரண்டையும் மைட்டோகாண்ட்ரியா, உட்கரு ஆகிய இருவகைச் சான்றுகளாலும் சோதித்தனர். ஒரே கடலில் அருகருகே வாழ்ந்தும் அவை தனித்தனி வழிகளாகவே நின்றன. 1914இல் ஸ்டெப்பிங் சூட்டி, பின்னர் கைவிடப்பட்டிருந்த பினேயஸ் புல்க்ரிகாடேட்டஸ் என்ற பெயர் 2014இல் இரண்டாவது பாங்குக்கு மீட்டளிக்கப்பட்டது. பட்டை வேறுபாடு கண்ணில் படாமல் இருந்ததில்லை. அதற்குப் பொருள் உண்டு என்று சொல்லத்தான் டி.என்.ஏ. தேவைப்பட்டது.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது: ஒரே சிற்றினம் வயதுக்கு வயது வேறு உருவம் கொள்வது.

அப்படியானால் குஞ்சுப் பருவத்தையும் முதிர்ந்த இறாலையும் இணைத்துக் காட்ட முடியுமா?

முடியும், மைட்டோகாண்ட்ரியா தவறாமல் வென்ற களம் இதுதான் என்பது என் கணிப்பு. தாயின் டி.என்.ஏ. குஞ்சிலும் அப்படியே இருக்கும் என்பதால், கேள்வி வெறும் பொருத்திப் பார்த்தலாகச் சுருங்கிவிடுகிறது.

அட்லாண்டிக் நடுமேட்டின் வெந்நீர் ஊற்றுகளில் ரிமிகாரிஸ் எக்ஸோகுலேட்டா என்னும் இறால் திரள்திரளாக வாழ்கிறது. அதனருகே கிடைத்த சிறிய ஆரஞ்சு நிற இறால்கள் வேறொரு சிற்றினமாகக் கருதப்பட்டுத் தனிப்பெயரும் பெற்றிருந்தன. அவை முன்னதன் இளம் பருவமே என்று 1998இல் மூலக்கூறு ஒப்பீடு காட்டியது. இன்னும் சுவையானது செராட்டாஸ்பிஸ் மான்ஸ்ட்ரோசா. கொம்புகளும் தடித்த கவசமுமாக அச்சுறுத்தும் தோற்றமுடைய, பெரிய மீன்களின் வயிற்றிலிருந்தே பெரும்பாலும் கிடைத்துவந்த இந்த லார்வாவை 1828இல் கிரே விவரித்தார். அது வளர்ந்தால் என்னவாகும் என்று எவருக்கும் தெரியவில்லை. 2012இல், மெக்சிகோ வளைகுடாவில் கிடைத்த ஒரு மாதிரியின் மைட்டோகாண்ட்ரியா, உட்கரு மரபணுக்கள் ஐந்தை ஒப்பிட்டபோது, அது பிளெசியோபினேயஸ் ஆர்மேட்டஸ் என்னும் ஆழ்கடல் இறாலின் குஞ்சு என்று தெரிந்தது. 184 ஆண்டுகள் இரு பெயர்களில் வாழ்ந்த ஒரே உயிர்.

மாதிரியை எப்படி எடுப்பது, எப்படிப் பாதுகாப்பது?

வயிற்றுத் தசையில் ஒரு சிறு துண்டு போதும். தாய் இறாலைக் கொல்லக்கூடாது என்றால் ஒரு நீந்துகாலை வெட்டி எடுக்கலாம். அது சட்டை உரிக்கும்போது மீண்டும் வளரும். துண்டை 95 விழுக்காட்டு எத்தனாலில் இட வேண்டும். இறால் தசையில் நீர் மிகுதி என்பதால், முதல்நாள் எத்தனால் நீர்த்துப்போகும். மறுநாள் அதை மாற்றிவிடுவது நல்லது. ஃபார்மலினில் இட்டால் உருவம் அழகாக நிலைக்கும்; ஆனால் டி.என்.ஏ. துண்டுதுண்டாகிப் பிணைந்துபோகும். வேகவைத்த இறாலில் நீண்ட துண்டுகள் கிடைப்பது அரிது. ஆயினும் 100, 200 எழுத்துக் குறுந்துண்டுகள் கிடைப்பதுண்டு.

மாதிரி எடுத்த இறாலின் எஞ்சிய உடலைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. அதையே சான்று மாதிரியாக எண்ணிட்டு, பிடித்த இடம், நாள், ஆழம் ஆகியவற்றோடு அருங்காட்சியகத்திலோ ஆய்வகத் தொகுப்பிலோ வைக்க வேண்டும். பின்னொரு நாளில் யாரேனும் 'இது உண்மையிலேயே அந்தச் சிற்றினம்தானா' என்று கேட்டால், எழுத்து வரிசையால் விடை சொல்ல இயலாது, உடல்தான் சொல்லும்.

எழுத்து வரிசை கிடைத்தபின் கிளைமரம் எவ்வாறு உருவாகிறது?

பிரித்தெடுத்த டி.என்.ஏ.விலிருந்து வேண்டிய துண்டைப் பி.சி.ஆர். எனப்படும் படியெடுப்பு முறையில் பெருக்கி, இரு திசைகளிலும் வரிசை படித்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே கணிப்பொறி வேலை தொடங்குகிறது. எல்லாச் சிற்றினங்களின் வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒத்த இடங்கள் ஒரே நெடுவரிசையில் விழும்படி பொருத்த வேண்டும். சி.ஓ.1இல் இது எளிது. புரதத்தைக் குறிக்கும் மரபணு ஆதலால் எழுத்துகள் மும்மூன்றாகவே நகரும். 16 எஸ்ஸில் ஆர்.என்.ஏ. வளைந்து மடியும் கண்ணிகளில் எழுத்துகள் சேர்ந்தும் விடுபட்டும் இருப்பதால் பொருத்துவது கடினம். ஐயத்துக்கிடமான அப்பகுதிகளை நீக்கிவிடுவதே நேர்மையான வழி.

பின்னர் மரம். தொலைவுகளை மட்டும் கொண்டு கட்டும் அண்டை இணைப்பு முறை விரைவானது. முதல் பார்வைக்கு அது போதும். ஆனால் வெளியிடும் முடிவுக்கு, எழுத்துகள் மாறும் விதத்தை ஒரு கணித மாதிரியாக எடுத்துக்கொள்ளும் மிகைநிகழ்தகவு முறையோ பேயீசியன் முறையோ வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவில் ஏ, டி ஆகிய இரண்டும் மிகுதி (வரி இறாலில் ஏறத்தாழ 70 விழுக்காடு). ஏ–ஜி, சி–டி மாற்றங்கள் மற்றவற்றைவிட அடிக்கடி நிகழும். ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதியான கோடானின் மூன்றாம் இடம் மற்ற இரண்டையும்விட விரைந்து மாறும். இவற்றைக் கணக்கில் கொள்ளாத மாதிரி அழகான மரத்தைத் தரும். அழகு மட்டுமே அதில் இருக்கும்.

மரத்தின் வேர் எங்கே என்று சொல்லப் புறக்குழு ஒன்று தேவை. அது ஆய்வுக்குட்பட்ட கூட்டத்துக்கு வெளியே, ஆனால் மிகத் தொலைவில் இல்லாமல் இருக்க வேண்டும். பினேயஸ் சிற்றினங்களுக்கு மெட்டாபினேயஸ் பொருத்தம், நண்டு பொருந்தாது. ஒவ்வொரு கிளையின் உறுதியையும் 1985இல் ஃபெல்சன்ஸ்டைன் முன்மொழிந்த பூட்ஸ்ட்ராப் முறையால் அளப்பது வழக்கம்; தரவிலிருந்து மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து மரம் கட்டும்போது அக்கிளை நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்பதே அந்த அளவு. 50, 60 என்று நிற்கும் கிளைகளின்மீது கதை கட்டுவதை இனியாவது நிறுத்திக்கொள்ளலாம்.

எத்தனை விழுக்காடு வேறுபாடு இருந்தால் தனிச் சிற்றினம் எனலாம்?

இது மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. ஒற்றை எண்ணாக விடை கூற இயலாத கேள்வியும் இதுவே. சி.ஓ.1இல் ஒரே சிற்றினத்துக்குள் பொதுவாக 2 விழுக்காட்டுக்குக் குறைவான வேறுபாடும், சிற்றினங்களுக்கிடையே அதைவிடப் பன்மடங்கும் காணப்படுவது உண்மைதான். இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் வேலை எளிது. ஆனால் பரந்த கடற்பரப்பில் வாழும் ஒரு சிற்றினத்தின் இரு கோடிகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் இடைவெளி இருப்பதுபோலத் தோன்றும். நடுவிலுள்ள கூட்டங்களையும் சேர்த்தால் அது மறைந்துவிடலாம். ஆகவே, விழுக்காடு ஒரு முன்னெச்சரிக்கை மணி. அது ஒலித்தால் உருவம், உட்கரு மரபணு, வாழிடம், இனப்பெருக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மணி ஒலித்தவுடனே புதுப்பெயர் சூட்டிவிடக் கூடாது.

மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டு பிரிந்த காலத்தைக் கணக்கிடலாமா?

கணக்கிடலாம், ஆனால் கடிகாரத்தை யார், எதை வைத்துச் சரிசெய்தார்கள் என்று கேட்டுவிட்டே கணக்கிட வேண்டும். இதற்குச் சொடுக்கு இறால்களான ஆல்ஃபியஸ் பேரினத்தைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலஇடுக்கு முழுமையாக எழுந்து, கரீபியன் கடலையும் பசிபிக் பெருங்கடலையும் பிரித்துவிட்டது. இடுக்கின் இருபுறமும் இன்று வாழும் உடன்பிறப்புச் சிற்றினங்கள் அதனால் பிரிக்கப்பட்டவை என்றும், அவற்றுக்கிடையிலுள்ள வேறுபாட்டை 30 லட்சத்தால் வகுத்தால் கடிகாரத்தின் வேகம் கிடைக்கும் என்றும் எண்ணப்பட்டது. நான்சி நோல்டன் குழுவினர் 1993இல் ஏழு இணைகளை எடுத்துப் பார்த்தபோது, வேறுபாடு இணைக்கு இணை மாறியது. எல்லாம் ஒரே நாளில் பிரிந்திருந்தால் அவ்வாறு இராது. 1998இல் 15 இணைகளோடு நோல்டனும் வைக்ட்டும் கேள்வியை மீண்டும் எடுத்தனர். இடுக்கு ஒரே இரவில் எழவில்லை. ஆழ்ந்த, தெளிந்த நீரில் வாழ்பவை முதலிலும், கரையோரச் சதுப்புநிலங்களில் வாழ்பவை இறுதியிலும் பிரிந்தன என்பதே அவர்கள் கண்ட விளக்கம். மிகக் குறைந்த வேறுபாடுடைய இணைகளையே இடுக்கு மூடிய காலத்தவையாகக் கொண்டு, சி.ஓ.1இல் ஓர் இணைக்கிடையே 10 லட்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 விழுக்காடு என்ற வேகத்தை அவர்கள் கணித்தனர்.

இந்த எண் இன்று எல்லா இறால்களுக்கும் தாராளமாகப் பயன்படுத்தப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 658 எழுத்துகளில் 33 வேறுபட்டால் அது 5 விழுக்காடு; 1.4ஆல் வகுத்தால் சுமார் 36 லட்சம் ஆண்டுகள். கணக்கு எளிதுதான். ஆனால் ஒரே இடத்தில் இருமுறை நேர்ந்த மாற்றம் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கும். ஆல்ஃபியஸின் வேகமே பினேயஸுக்கும் உரியது என்பதற்கும் உறுதி கிடையாது. '36 லட்சம்' என்று எழுதுவதைவிட 'சில பத்து லட்சம் ஆண்டுகள்' என்று எழுதுவதே பொருந்தும்.

போலி மரபணு என்கிறார்களே, அது என்ன?

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் துண்டுகள் அவ்வப்போது உட்கருவுக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. அங்கே அவற்றுக்கு வேலை இல்லை. தம் போக்கில் மாறிக்கொண்டிருக்கும். பி.சி.ஆர். பிரைமருக்கு உண்மையானது எது, போலி எது என்று தெரியாது. போலியைப் பெருக்கி மரத்தில் சேர்த்துவிட்டால், இல்லாத சிற்றினம் ஒன்று தோன்றும். ஆல்ஃபியஸ் பேரினத்தில் இத்தகைய போலிகள் பரவலாக இருப்பதை 2001இல் வில்லியம்ஸும் நோல்டனும் காட்டினர். அவற்றுள் பல எளிதில் பிடிபடாதவை என்பதே கவலைக்குரியது.

சோதிக்கும் வழிகள் உண்டு. வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்து, நடுவே நிறுத்தக் குறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே ஓர் இடைக்குறிப்பு: முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியாவில் டி.ஜி.ஏ. என்பது நிறுத்தக் குறி அன்று. அது டிரிப்டோஃபானைக் குறிக்கும். பொது அட்டவணையைக் கொண்டு மொழிபெயர்த்துவிட்டு, தம் மாதிரிகள் யாவும் போலி என்று கலங்கும் புதியவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். வரிசை படிக்கும் கருவி தரும் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரு முகடுகள் எழுந்தாலும், ஒரே இறாலில் இரு பிரைமர் இணைகள் இருவேறு வரிசைகளைத் தந்தாலும் ஐயுற வேண்டும். அப்போது வளையத்தை நீண்ட துண்டுகளாகப் பெருக்குவதும், ஆர்.என்.ஏ.விலிருந்து தொடங்குவதும் உதவும்.

இரு சிற்றினங்கள் கலந்து பிறந்த இறாலை இதனால் கண்டறிய முடியுமா?

முடியாது. கலப்புக் குஞ்சின் மைட்டோகாண்ட்ரியா தாயின் சிற்றினத்தையே காட்டும்; தந்தை யார் என்பதற்கு அதில் சுவடே இராது. அதனினும் மோசம், என்றோ ஒருமுறை நடந்த கலப்பினால் ஒரு சிற்றினத்தின் மைட்டோகாண்ட்ரியா மற்றொன்றின் உடலுக்குள் குடியேறி, தலைமுறைகள் கடந்தும் நிலைத்துவிடலாம். உருவமும் உட்கருவும் ஒன்றைச் சொல்ல, மைட்டோகாண்ட்ரியா வேறொன்றைச் சொன்னால், கலப்பு நடந்திருக்குமோ என்று எண்ண அதுவே இடம் தருகிறது. எனவே உட்கரு மரபணு ஒன்றையேனும் உடன் சேர்ப்பது நலம்.

பினேயஸ், லிட்டோபினேயஸ், ஃபென்னரோபினேயஸ் என்று ஒரே இறாலுக்கு ஏன் பல பெயர்கள்?

1798இல் ஃபாப்ரிசியஸ் ஏற்படுத்திய பினேயஸ் பேரினம் நெடுங்காலம் ஒரே பேரினமாக இருந்தது. 1997இல் இசபெல் பெரேஸ் ஃபர்ஃபான்டேயும் பிரையன் கென்ஸ்லியும், தெலிக்கத்தின் அமைப்பு, கவசப் பள்ளங்கள் முதலியவற்றைக் கொண்டு, அதன் ஆறு உட்பேரினங்களைத் தனிப் பேரினங்களாக உயர்த்தினர்: பினேயஸ், ஃபென்னரோபினேயஸ், லிட்டோபினேயஸ், ஃபர்ஃபான்டபினேயஸ், மார்சுபினேயஸ், மெலிசெர்டஸ். (நான்காவதன் பெயர் அந்த அம்மையாரைச் சிறப்பிக்கச் சூட்டப்பட்டது.) இதனால் வெனாமி இறால் லிட்டோபினேயஸ் வன்னாமி ஆயிற்று, வளர்ப்புத் துறையில் பலர் இதை விரும்பவில்லை.

2004இல் லேவரி குழுவினர் 16 எஸ், சி.ஓ.1 இரண்டையும் கொண்டு கட்டிய மரமும், 2011இல் மா, சான், சூ ஆகியோர் உட்கரு மரபணுக்களைக் கொண்டு செய்த ஆய்வும், இந்த ஆறும் தத்தமக்கெனத் தனிக்கிளைகளாக நிற்கவில்லை என்று காட்டின. மெலிசெர்டஸும் மார்சுபினேயஸும் ஒரு பெருங்கிளையிலும், எஞ்சிய நான்கும் மற்றொரு பெருங்கிளையிலும் அமைகின்றன. மார்சுபினேயஸைத் தனியே எடுத்துவிட்டால் மெலிசெர்டஸ் ஒரு முழுக்கிளையாக நிற்காது. இதன்பின் பல தரவுத்தளங்கள் பினேயஸ் என்ற ஒரே பெயருக்குத் திரும்பிவிட்டன. ஆயினும் 1997க்குப் பிந்தைய கட்டுரைகளில் இரு பெயர்களும் விரவிக் கிடப்பதால், தேடும்போது இரண்டையும் இட்டுத் தேட வேண்டும்.

ஆற்று இறாலிலும் பெயர்ச் சிக்கல் நேர்ந்தது. மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி எனப்பட்ட பேரிறால், ஆசிய, ஆஸ்திரேலிய உயிரினப் பரப்புகளைப் பிரிப்பதாக வரையப்படும் ஹக்ஸ்லி கோட்டுக்குக் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக வெகுநாள் முன்பே பிரிந்துவிட்டது என்று 2004இல் மைட்டோகாண்ட்ரியா காட்டியது. ஆனால் முதல் விளக்கத்துக்குரிய மாதிரி கிழக்கிலிருந்து வந்தது. உலகெங்கும் வளர்க்கப்படுவதோ மேற்குவகை. விதிப்படி நடந்தால், வளர்ப்பு இறால் தன் பெயரை இழந்திருக்கும். விலங்குப் பெயரீட்டுக்கான பன்னாட்டு ஆணையம் 2010இல் தலையிட்டு, பழைய பெயரை மேற்குவகைக்கே நிலைநிறுத்தியது. கிழக்குவகை இன்று மேக்ரோபிராக்கியம் வாலசி எனப்படுகிறது.

ஒரே சிற்றினத்தின் கூட்டங்களைப் பற்றி என்ன அறியலாம்?

இறால் குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதப்பதால், கடல் முழுவதும் ஒரே கூட்டமாகக் கலந்திருக்கும் என்று எதிர்பார்ப்போம். வரி இறாலைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வு, மேற்கு இந்தியப் பெருங்கடலின் கூட்டங்கள் தென்கிழக்கு ஆசிய, ஆஸ்திரேலியக் கூட்டங்களிலிருந்து தெளிவாக வேறுபடுவதையும், முன்னவற்றில் பல்வகைமை குறைவு என்பதையும் காட்டியது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது; ஆழமற்ற கடற்பரப்புகள் பல அப்போது தரையாயின. அக்காலத்துத் துண்டிப்பும், பின்னர் நீர் ஏறியபோது நேர்ந்த பெருக்கமும் ஹாப்ளோடைப் (ஒரே எழுத்து வரிசையுடைய வகை) வலைப்படத்தில் தெரியும்: நடுவில் ஒரு பெரிய வட்டம், அதைச் சுற்றி ஓர் எழுத்து வேறுபாட்டில் பல சிறு வட்டங்கள். இத்தகைய நட்சத்திர வடிவம், சிறு கூட்டமொன்று விரைவாகப் பெருகியதைக் குறிக்கும்.

இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் தொல்பழம் உறவுக்கும் இது போதுமா?

போதாது. அவ்வளவு நீண்ட காலத்தில் சி.ஓ.1இன் மூன்றாம் இடங்கள் மாறி மாறிப் பழைய தடயத்தை அழித்துவிடுகின்றன. நான்கே எழுத்துகள் இருப்பதால், தொடர்பே இல்லாத இரு கிளைகளும் தற்செயலாக ஒத்துப்போகும். 13 புரதங்களின் அமினோ அமில வரிசைகளையும் சேர்த்தால் நிலைமை சற்றுத் தேறும். ஆயினும் 37 மரபணுக்களும் ஒரே வளையத்தில் ஒன்றாகவே கைமாறுவதால், அவை எத்தனை இருந்தாலும் ஒரே சாட்சிதான். பல சாட்சிகள் வேண்டுமானால் உட்கருவுக்கே செல்ல வேண்டும். 2019இல் வெளியான பத்துக்காலிகளின் (இறால், நண்டு, சிங்கி இறால் முதலியவை அடங்கிய பிரிவின்) பெரிய மரம், 94 சிற்றினங்களில் 410 உட்கருப் பகுதிகளைக் கொண்டு கட்டப்பட்டது.

தரவுத்தளத்தில் 99 விழுக்காடு பொருந்தினால் சிற்றினம் உறுதியாகிவிட்டதா?

பொருந்திய வரிசைக்கு யார் பெயரிட்டார்கள் என்பதைப் பொறுத்தது. ஜென்பேங்க் போன்ற பொதுத் தரவுத்தளங்களில் தவறான பெயரோடு இடப்பட்ட வரிசைகள் உண்டு. அவற்றை நம்பி அடுத்தவரும் அதே பெயரை இட, தவறு பல மடங்காகிறது. ஆகவே முதல் பொருத்தத்தோடு நின்றுவிடாமல், முதல் இருபது முப்பது பொருத்தங்களையும் இறக்கி ஒரு மரம் கட்டிப் பார்க்க வேண்டும். ஒரே கிளையில் இரு பெயர்கள் கலந்து நின்றால் எங்கோ பிழை உள்ளது. சான்று மாதிரி எண்ணும் பிடித்த இடமும் தரப்பட்ட வரிசைகளுக்கே முதன்மை அளிக்க வேண்டும். 1998க்கும் 2014க்கும் இடையில் பினேயஸ் ஜப்போனிக்கஸ் என்ற பெயரில் இடப்பட்டவற்றுள் சில, இன்றைய கணக்கில் பினேயஸ் புல்க்ரிகாடேட்டஸ் ஆக இருக்கக்கூடும். தரவுத்தளம் தானாகத் தன் பெயர்களைத் திருத்திக்கொள்வதில்லை.